சொல்லைக் கேளாதீங்கோ, வேலையைக் கேளுங்கோ

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், பள்ளிக்கூடச் செயற்திட்டத்துக்காக ஒரு பிள்ளை அம்மம்மாவிடம் போய் "பழைய ஊர்ச் சொல் பத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து, வடிவு, கெதியா, பெடியன், திறப்பு, ஓம், ஏலாது. அடுத்த வீட்டு அம்மம்மாவும் இதே பத்தைத்தான் சொல்லுவார். இவை எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த சொற்கள். தெரியாமல் போய்க்கொண்டிருக்கிற சொற்கள் அம்மம்மாவின் வாய்க்கே வருவதில்லை. அவர் ஒளிக்கவில்லை. பேச்சு மனத்தில் பட்டியலாகக் கிடப்பதில்லை, கைவேலையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு சுளகை, அதாவது முறத்தை, கையில் கொடுத்துப் பாருங்கள். புடைக்கிறது வேறு, கொழிக்கிறது வேறு என்று முதலில் கை காட்டும், பிறகுதான் வாய் சொல்லும்.

ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பதிந்து வைக்கும் இந்த வேலையைக் கொழும்பில் செய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரைக்கும், வத்தளை, ஹெந்தளைப் பக்கமும் சேர்த்துப் பார்த்தால், இலங்கையின் எல்லாத் தமிழும் பஸ்சில் ஏறி இறங்குகிற தூரத்தில் இருக்கிறது. வடமராட்சிப் பேச்சும் தீவுப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் முஸ்லிம்களின் சோனகத் தமிழும் ஒரே மாடிப்படியில் சந்திக்கின்றன. அதே காரணத்தால் ஊர்ப் பேச்சு முதலில் தேய்கிற இடமும் இதுதான். புறக்கோட்டைக் கடையிலும் கந்தோரிலும் முப்பது நாற்பது வருடம் எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று பேசிப் பேசி, பெரியவர்கள் தங்கள் பேச்சின் விளிம்புகளைத் தாங்களே சீவிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி "ரொம்ப" என்று சொல்லிக் கொடுத்துவிட்டது. "சரியான வெயில்", "கன நாள்" என்று சொல்லும் பிள்ளை இப்போது குறைவு.

ஆகவே சொல்லைக் கேட்காமல் வேலையைக் கேட்க வேண்டும். "புட்டு அவிக்கிறது எப்பிடி? நான் ஒண்டும் தெரியாத ஆள் எண்டு நினைச்சு முதலிலையிருந்து சொல்லுங்கோ" என்று தொடங்குங்கள். அரிசி ஊறப் போடுவதிலிருந்தே கதை வரும். அரிக்கன்சட்டியில் அரிசியை அரித்துக் கல் எடுப்பது, உரலில் இடிப்பது, இடித்ததைத் தெள்ளுவது, அரிதட்டில் அரிப்பது, அரிதட்டில் மிஞ்சுகிற கப்பியைத் திரும்ப உரலில் போடுவது, மாவை வறுப்பது. இதற்குள்ளேயே இரண்டு கண்ணிகள் இருப்பதைக் கவனியுங்கள். அரிசியைத் தண்ணீரில் அலசிக் கல் நீக்குவதும் "அரிக்கிறது", மாவைச் சலிப்பதும் "அரிக்கிறது". கப்பி என்றால் மாவில் மிஞ்சும் குறுணல், கிணற்றில் கயிறு ஓடும் உருளையும் கப்பி. பட்டியலாகக் கேட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பொருள்தான் கிடைத்திருக்கும்.

பிறகு அளவு வரும். "ரெண்டு சுண்டு மா" என்பார். சுண்டு என்றால் ஏறத்தாழ ஒரு ரின்பால் பேணி அளவு, நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். அந்த இடத்தில் நிறுத்திப் பேணியைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சுண்டு மாவைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று குறித்தால், சொல்லோடு அளவும் தப்பிப் பிழைக்கும். அடுத்தது தண்ணீர். வறுத்த அரிசிமாவுக்குக் கொதிதண்ணி விட வேண்டும். குளிர்ந்த நீருக்குப் பெயர் பச்சைத்தண்ணி, அதை விட்டால் மா சேராமல் பச்சை வாசம் அடிக்கும். உப்புப் போட்ட கொதிதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுவது, தண்ணீர் கூடினால் கட்டி படுவது, குறைந்தால் அவிந்த பிறகும் மாவாய் உதிர்வது, சரியான பதத்தில் சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்திச் சிறு மணியாக்குவது, தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்டிப் பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் இடுவது, பானை வாயில் வைத்து ஆவி மேலே வரும்வரை விடுவது. "கட்டி படுறது", "பதம்", "கொத்துறது", "பிரட்டுறது", "அவியுறது" என்ற வினைகள்தான் இங்கே உண்மையான தேட்டம். பெயர்ச்சொற்கள் எப்படியோ அகராதிக்குள் ஏறிவிடும், வினைகள்தான் ஆளோடு போய்விடுகின்றன. பிழை எப்படி வரும் என்று கட்டாயம் கேளுங்கள். சரியாக வந்த சாப்பாட்டுக்கு "நல்லாயிருக்கு" என்ற ஒரு சொல்தான் இருக்கும். பிழைத்துப்போன சாப்பாட்டுக்கு ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சொல் இருக்கும்.

முடிந்தால் உண்மையாகவே அவிக்கச் சொல்லுங்கள். வெறும் வாயால் சொல்லும்போது படிமுறைகளில் பாதி விழுந்துவிடும். நீத்துப்பெட்டி இப்போதும் பனையோலைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அலுமினியப் புட்டுக்குழல் வந்த வீட்டில் பெட்டியைக் கையில் கொடுத்தால், அதன் கூம்பு, வாய், பின்னல் பற்றியும், கடகம், குட்டான், மூத்தல் என்ற மற்ற ஓலைப் பொருள்கள் பற்றியும் பேச்சு தானே நீளும்.

சமையலுக்கு அடுத்தபடியாக நிறையச் சொல் தருவது வளவு, அதாவது வீடும் அதைச் சுற்றிய காணியும். இங்கே சிக்கல் என்னவென்றால், தொடர்மாடியில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நாலாம் மாடியில் படலை ஏது, கோடி ஏது, கிணத்தடி ஏது? அதற்கு நன்றாகப் பலித்த வழி, ஒரு பெரிய வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, "உங்கடை வளவை இதிலை கீறிக் காட்டுங்கோ, ஒழுங்கையிலையிருந்து உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்வது. பென்சிலை அவர் கையில் கொடுங்கள், நீங்கள் கீறாதீர்கள். ஒழுங்கையிலிருந்து படலை, அதுதான் வேலி வாசல். கூரை போட்ட படலை என்றால் அது சங்கடப்படலை. இரண்டு பக்கமும் கிடுகுவேலி, வேலிக்கு ஊன்றிய தடியான கதியால். எந்த மரத்தில் கதியால் வெட்டியது? பூவரசா, கிளுவையா, முள்முருக்கையா? வேலியில் பக்கத்து வீட்டுக்குப் போய்வரப் பொட்டு. பொட்டு எப்போது வைப்பார்கள், எப்போது அடைப்பார்கள் என்று கேட்டால், இரண்டு குடும்பங்களின் உறவுக் கதையே வந்துவிடும். பிறகு முற்றம், திண்ணை, விறாந்தை, வீட்டுக்கோடி, மாட்டுக்கொட்டில், கிணத்தடி. கிணத்தடியில் துலா இருந்தால் ஆடுகால், அச்சுலக்கை, துலாக்கயிறு, பட்டை, துலா மிதிக்கிறது. காணி எத்தனை பரப்பு என்றும் கேளுங்கள். மேட்டுக்காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குப் பேர்ச் தெரியும், பரப்பு தெரியாது. ஊர்க் காணி உறுதியைப் பிறகு ஒருநாள் கையில் எடுக்கும்போது இது பெரிய உதவி.

தாள் நிறைந்ததும் அதைப் படம் எடுத்து, அவருடைய கையெழுத்தோடு அப்படியே வையுங்கள். அழகாகத் திரும்பக் கீற வேண்டாம். கிணற்றை வீட்டைவிடப் பெரிதாகக் கீறியிருந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு.

பனை பற்றிய சொற்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வடலி, குருத்தோலை, காவோலை, கங்குமட்டை, பன்னாடை, நுங்கு, சீக்காய், பனங்காய், பினாட்டு, பூரான், கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல், ஊமல். ஒடியலும் புழுக்கொடியலும் ஒன்றென்று எழுதுகிறவர்கள் உண்டு. கிழங்கைப் பச்சையாய்க் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மா. இப்படி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் என்ன வேலை நடக்கிறது என்று எழுதாத பட்டியலால் பிறகு வாசிப்பவருக்குப் பயன் குறைவு.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. கைத்தொலைபேசி போதும். அழைப்பு வராதபடி நிறுத்தி, மடித்த துவாயின் மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கோப்பை வைக்கிற சத்தமெல்லாம் இடியாய் விழும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள், புழுக்கம்தான், ஆனால் பதிவில் மெல்லிய சொல்லிறுதிகளை முதலில் விழுங்குவது அதுதான். காலி வீதிப் பக்க யன்னலைச் சாத்துங்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு 25 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். அதோடு, 20 நிமிடப் பேச்சை ஒழுங்காக எழுத்தில் இறக்க இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. பத்து மணித்தியாலப் பதிவை வைத்துக்கொண்டு எழுதாமல் விட்டவர்களைவிட, ஒரு மணித்தியாலத்தை முழுதாக எழுதி முடித்தவரே பயனுள்ள வேலை செய்தவர்.

எழுத்தில் இறக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. கெடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் நன்றாகப் படித்தவர்கள். கை தன்னையறியாமல் திருத்திவிடும். "வாறன்" என்பது "வருகிறேன்" ஆகும், "எண்டு" என்பது "என்று" ஆகும். அந்தத் திருத்தத்தில் தொலைவது உச்சரிப்பு மட்டுமென்றால் பரவாயில்லை, இலக்கணமும் சேர்ந்து தொலைகிறது. யாழ்ப்பாணத்தில் "நான் வந்தன்" என்பதும் "நான் வந்தனான்" என்பதும் ஒன்றல்ல. "நான் கொழும்பிலை படிச்சனான்" என்றால், அது நடந்தது, அதை உனக்கு முன் வைக்கிறேன் என்ற தொனி அதில் இருக்கிறது. இரண்டையும் "படித்தேன்" என்று எழுதினால் அந்த வேறுபாடு போயிற்று. "அவை வருகினம்", "சொல்லுவினம்" என்ற பன்மை விகுதியும் அப்படித்தான், "வருகிறார்கள்" என்று மாற்றிவிட்டால் பேச்சு எந்த ஊரது என்று கண்டுபிடிக்கும் தடயமே இல்லாமல் போகும்.

இதில் ஆகப் பெரிய இழப்பு உகரச் சுட்டு. இது, அது என்ற இரண்டுக்கும் நடுவில் "உது" என்று ஒன்று உண்டு. "உதிலை இரும்", "உவன் எங்கை போட்டான்?", "உங்கை பார்", "உப்பிடிச் சொல்லாதை". கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ளதையோ, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் உள்ளதையோ சுட்டுவது. "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்று தொல்காப்பியம் சொல்வதை நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் பேச்சு இது. கொழும்பில் பிறந்த பிள்ளைகளிடம் இது முதலில் மறைகிறது, அதைப் பாவிக்கிற பெரியவர்களும் வெளியாருக்கு முன்னால் "அது" என்று மாற்றிக்கொள்கிறார்கள். பதிவு செய்ய ஒரு சின்ன உபாயம்: மூன்று கோப்பைகளை எடுத்து, ஒன்றை அவருக்குப் பக்கத்திலும், ஒன்றை உங்களுக்குப் பக்கத்திலும், ஒன்றைத் தூரத்திலும் வைத்துவிட்டு, அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கட்டும். உங்கள் பக்கத்துக் கோப்பைக்கு "உதை எடும்" என்று தானாகவே வந்தால் அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

"எடும்" என்பதையும் விடாதீர்கள். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. வா, வாரும், வாங்கோ. நடுப்படியில் அன்பும் இருக்கிறது, கொஞ்சம் மரியாதையும் இருக்கிறது, கொஞ்சம் விலகலும் இருக்கலாம். யார் யாரை "நீர்" என்றார் என்று எழுதாவிட்டால் வசனம் அரைவாசிதான். உறவுச் சொல்லிலும் இதே கவனம் வேண்டும். கொப்பர், கொம்மா, கொண்ணர், கொக்கா என்றால் "உன்னுடைய" என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "என் கொப்பர்" என்று யாரும் சொல்வதில்லை. அகராதி பண்ணுகிறவர்கள் "கொப்பர் = அப்பா" என்று போட்டுவிடுகிறார்கள், அது பிழை. கோபத்தில் சொன்னதா, கொஞ்சிச் சொன்னதா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் இதே சொல்தான் வரும்.

ஆங்கிலச் சொல்லையும் காதில் விழுந்தபடி எழுதுங்கள். "ரிக்கற்", "ரெலிபோன்", "ரின்பால்" என்று யாழ்ப்பாணத்தார் எழுதுவது எழுத்துப்பிழை அல்ல, நாக்கு எங்கே படுகிறது என்பதற்கான சாட்சி. அதை "டிக்கெட்" ஆக்கினால் சாட்சியைக் கலைத்த மாதிரி.

இப்போது பொருள் தடுக்குகிற இடங்கள். இது வெறும் ஆர்வத்துக்கான விசயமல்ல, ஆஸ்பத்திரியில் உயிருக்கே முக்கியம். யாழ்ப்பாணத்தில் "வருத்தம்" என்றால் நோய், கவலை அல்ல. "வருத்தம் பார்க்கப் போறம்" என்றால் நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள். "தொய்வு" என்றால் ஆஸ்துமா. "நாரி" என்றால் இடுப்பின் பின்புறம். "உளையுது" என்பது குத்து அல்ல, எரிவு அல்ல, உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கிற நோவு. "சத்தி" வாந்தி, "தடிமன்" சளிப்பிடிப்பு. "முழுகாமல் இருக்கிறா" என்றால் கர்ப்பமாக இருக்கிறார். மாதவிலக்கு முடிந்து தலைக்குத் தண்ணீர் வார்ப்பதைத்தான் முழுக்கு என்பார்கள், அந்த வழக்கத்திலிருந்து வந்தது. கொழும்பில் தமிழ் பேசும் தாதி மலையகத்தவராகவோ, முஸ்லிம் பெண்ணாகவோ இருக்கலாம், இருவரும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பதாலேயே விளங்கிவிட்டதென்று இரண்டு பக்கமும் நினைத்துவிடுவார்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், அவர் உடம்பு பற்றிச் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி, எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார் என்று பக்கத்தில் குறித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலை.

"பேசுறது" இன்னொன்று. வடக்கில் "அப்பா பேசுவார்" என்றால் ஏசுவார், திட்டுவார். உரையாடுவது "கதைக்கிறது". "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லாமல் வாங்கோ. "வெளிக்கிடு" என்பது உடுத்திக்கொள்வதும்தான், புறப்படுவதும்தான்.

வடக்கை மட்டும் சேர்த்துவிட்டு "ஊர்த் தமிழ்" என்று பெயர் வைப்பது கொழும்பில் அடிக்கடி நடக்கும் பிழை. மட்டக்களப்பாரிடம் "மறுகா" (பிறகு), "கிறுகி" (திரும்பி), "என்னகா" கேட்கும். "வேளாண்மை" என்று அவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் நெற்பயிரையே சொல்கிறார்கள், அதில் போடியாரும் வயற்காரரும் சூடு மிதிப்பதும் வரும். கொழும்புச் சோனகரிடம் உம்மா, வாப்பா, நானா, ராத்தா, சாச்சி. அவர்களுடைய பேச்சில் "சொல்லு" என்பது "செல்லு" ஆகிறது. ஒரே சஹனில், அதாவது பெரிய தட்டில், சுற்றியிருந்து சாப்பிடும் ஒழுங்கை விவரிக்கச் சொன்னால் வேறு எங்கும் கிடைக்காத சொற்கள் வரும். மலையகத்தாரிடம் "ஒரு நாள் வேலை" என்று கேட்டால் போதும்: காலையில் பிரட்டு, கங்காணி, நெறை, கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்து, முழுப்பேர், அரைப்பேர், திரும்பி வந்தால் லயக் காம்பரா. அரைப்பேர் என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு தொழிலாளியின் நாட்கூலி பாதியாய் வெட்டுப்பட்ட கதை இருக்கிறது, அதை "அரைநாள்" என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. நீர்கொழும்பு மீனவர் தமிழில், நான், நீ, அவன் எதுவானாலும் வினைமுடிவு மாறாமல் நிற்கும், பேச்சுச் சிங்களத்தைப் போல. பக்கத்து மொழியோடு பல தலைமுறை வாழ்ந்த பேச்சு அப்படி வளர்ந்திருக்கிறது. அதைக் கொச்சை என்று தள்ளுகிறவர்கள் பதிவு செய்யப் போகாமல் இருப்பது நல்லது.

ஆளைப் பற்றிய குறிப்பில் மாவட்டம் போதாது, ஊர் வேண்டும். வலிகாமமும் வடமராட்சியும் தென்மராட்சியும் தீவகமும் ஒன்றல்ல. பிறந்த பத்தாண்டு, ஊரை விட்ட ஆண்டு, தாயின் ஊர் ஆகிய மூன்றும் கட்டாயம். 1983 கலவரத்துக்கு முன்னரே கொழும்பில் இருந்தவரின் பேச்சும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் வந்தவரின் பேச்சும் வேறாக இருக்கும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சும் சோனகப் பேச்சும் கலந்த அவர்களுடைய தமிழ் மிக அவசரமாகப் பதியப்பட வேண்டியது. ஆண்டைக் கேட்கும்போது ஏன் வந்தீர்கள் என்று தோண்ட வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டிருங்கள், பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

பழமொழி திரட்டுவதில் ஒரு கட்டாயம் உண்டு: எந்தச் சந்தர்ப்பத்தில், யார் யாருக்குச் சொன்னது. அது இல்லாத பழமொழி உமி. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்" என்பதை மட்டும் எழுதினால் இன்றைய பிள்ளைக்குக் கோழிப்பண்ணைதான் ஞாபகம் வரும். கோறணமேந்து என்றால் அரசாங்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கிளறிக்கல் உத்தியோகத்துக்காகக் கொழும்புக்கு வந்த தலைமுறையின் மனம் அது. மாதச் சம்பளம், முடிவில் பென்சன். கலியாணப் பேச்சில் சொன்னதா, வியாபாரம் தொடங்கப்போன மகனைத் தடுக்கச் சொன்னதா? இரண்டிலும் அதன் கூர் வேறு பக்கம் திரும்பும். "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பது காவோலையைக் காணாத பிள்ளைக்கு விளங்காது, ஆகவே பனை பற்றிய நாளிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். "மரத்தாலை விழுந்தவனை மாடு மிதிச்ச மாதிரி" என்று மற்ற இடங்களில் சொல்வதை வடக்கில் "பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி" என்பார்கள். மரம் பனையாக மாறியதுதான் இங்கே சேகரிக்க வேண்டியது, பொதுவடிவத்துக்குத் திருத்தினால் ஊர் போய்விடும்.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் விதத்தைப் "புட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்பார்கள். நீத்துப்பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிரட்டி அவிக்கும் வீட்டாருக்கு இதன் படம் சரியாக வராது. குழலில் மா ஒரு பிடி, தேங்காய்ப்பூ ஒரு பிடி என்று மாறி மாறி அடுக்கியதைக் கண்டவருக்கு, அந்தக் கரையோரத்தில் ஓர் ஊர் தமிழூர், அடுத்தது முஸ்லிம் ஊர் என்று தொடர்வது உடனே தெரியும். புட்டு அவிக்கிற முறையை முதலில் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற ஊராரையோ சாதியையோ இழிவாகச் சொல்லும் பழமொழிகளும் வரும். "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடை ஒட்ட வைச்சுப்போடுவினம்" என்பது அந்த வகையில் மென்மையானது, இதைவிடக் கொடியவை நிறைய. அழிக்க வேண்டாம், அவையும் அந்தக் காலத்தின் சாட்சி. தனிக் கோப்பில், யார் யாரைப் பற்றிச் சொன்னது என்ற குறிப்போடு வையுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி எழுதும்போது அவசரப்படக்கூடாது. கதிரை, குசினி, சப்பாத்து, விறாந்தை, லேஞ்சி எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. அவர்கள் 1505 இல் இலங்கைக்கு வந்து, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். கந்தோர், போஞ்சி, லாச்சி, நொத்தாரிசு ஒல்லாந்தர் கொடுத்தவை. இவற்றைத் "தூய பழந்தமிழ்" என்று அறிமுகப்படுத்துவோர் உண்டு. தலைகீழான பிழையும் நடக்கிறது: "திறப்பு" என்று சொல்லும் பாட்டியைத் திருத்தி, "சாவி" என்பதே நல்ல தமிழ் என்று பேரன் சொல்லுவான். திறப்பு தமிழ் வினையிலிருந்து பிறந்த சொல், சாவிதான் போர்த்துக்கேயச் சொல்.

சரிபார்க்க 1842 இல் வெளியான யாழ்ப்பாண அகராதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கி 1862 இல் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், யாழ்ப்பாண வழக்கைத் தனிக் குறியீட்டோடு காட்டும். 1942 இல் தொடங்கி, வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் நிறைய வேலை முடியும். இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது, பழைய இலங்கை நூல்களும் மலர்களும் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கும். அகராதியில் இல்லை என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ள வேண்டாம். அதே ஊரைச் சேர்ந்த, உறவில்லாத இன்னொருவரிடம் அந்தப் பொருளைக் காட்டி, சொல்லைச் சொல்லாமல் கேளுங்கள். அவரும் அதையே சொன்னால் அது ஊர்ச்சொல். சொல்லாவிட்டால் குடும்பச் சொல்லாக இருக்கலாம், அதுவும் எழுத வேண்டியதுதான், அந்தக் குறிப்போடு.

கோப்பின் பெயரில் திகதி, ஊர், தொடரிலக்கம் மூன்றும் இருக்கட்டும், ஆளின் பெயர் வேண்டாம். பெயர்ப் பட்டியல் தனியே உங்களிடம் இருந்தால் போதும். யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பிரதி, ஒன்று வேறு வீட்டில். ஒலியும் வளவுப் படமும் எழுத்தும் ஒரே இலக்கத்தில் இருந்தால்தான் பத்து வருடத்துக்குப் பிறகும் ஒன்று மற்றதைத் தேடிப் பிடிக்கும்.

இன்னொன்று, "சரி, முடிஞ்சுது" என்றதும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு அப்படியே விடுங்கள். தேத்தண்ணி வரும், பேச்சு இளகும், "நீர் கேட்டதாலை ஞாபகம் வருது" என்று, இருபது நிமிடம் வராத சொல் அப்போதுதான் வரும். படலை இல்லாத வீட்டிலும் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். நீங்கள் "போறன்" என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கும். "போட்டு வாறன்" என்று சொல்லுங்கள், பதிலுக்கு அவர் என்ன சொல்கிறார் என்பதும் பதிவில் இருக்கட்டும்.